பேரேட்டிலிருந்து பிறந்த ஆராய்ச்சி: தமிழகச் சுகாதாரத் துறையில் செயற்பாட்டாராய்ச்சி வளர்ந்த வரலாறு

ஒரு ஸ்தாபனம் தான் அன்றாடம் செய்துவரும் காரியத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, அதனை இன்னும் செம்மையாகச் செய்யும் வழியைத் தன் கணக்குகளிலிருந்தே கண்டறியும் முறைக்குச் செயற்பாட்டாராய்ச்சி என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிளாக்கெட் முதலிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் கையில் இது உருப்பெற்றது. நீர்மூழ்கிக் கப்பல்களின்மீது விமானங்கள் எறிந்த குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைந்திருந்ததை 25 அடியாக மாற்றினாலே போதும், புதிய ஆயுதம் வேண்டா என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்தியாவில் 1949-இல் ஹைதராபாத்தில் ஒரு பிரிவாகத் தோன்றிய இத்துறை, 1957-இல் தனக்கென ஒரு சங்கத்தையும் பெற்றது. எனினும், தமிழகத்தில் அதன் போக்கை அறிய விரும்புவோர் ஆலைகளையும் ராணுவத்தையும் விட்டு, க்ஷயரோகம் எனப்படும் காசநோயின் சிகிச்சைச் சரித்திரத்தையே நோக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் நிறுவிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம், வாலஸ் ஃபாக்ஸ் முதலியோரின் வழிகாட்டுதலில், அக்காலத்து வைத்திய உலகம் கேட்கத் துணியாத ஒரு கேள்வியை எழுப்பிற்று. படுக்கைகளோ சில, நோயாளிகளோ கணக்கற்றோர் என்னும் தேசத்தில், சானடோரியம் என்னும் க்ஷயரோக மருத்துவமனையில் இடம் கிடைக்காதவனை அவன் குடிசையிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதே அது. நெருக்கடியான சேரிகளில் வாழ்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு கூறாக்கி, ஒரு கூறினரைச் சானடோரியத்திலும் மறு கூறினரை வீட்டிலும் வைத்து, இருவர்க்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகளை ஓராண்டு அளித்தார்கள். வீட்டில் இருந்தோர் மருந்தை உண்டார்களா என்பதை, முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் அறிந்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் பெற்ற சானடோரியத்தாருக்கு ஏறக்குறைய இணையாகவே, அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலைக்கும் சென்ற ஏழைகள் குணமடைந்தார்கள் என 1959-இல் வெளிவந்த முடிவும், அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் அதிகத் தீங்கு நேரவில்லை எனப் பின்னர்த் தெரிந்த செய்தியும், உலகெங்கும் சானடோரிய யுகம் மறையக் காரணமாயின.

1959-இல் பெங்களூரில் தோன்றிய தேசிய க்ஷயரோக நிலையமோ கிராமத்தை நோக்கித் திரும்பிற்று. அங்கே பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னமேயே வைத்தியசாலையின் படியேறி, இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்பதைக் காட்டிற்று. நோயாளியின் அறியாமையைப் பழித்துவந்த நிர்வாகத்துக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறு கிடைத்ததில்லை.

ஆயினும் இவ்விரு முயற்சிகளிலும் கேள்வியை எழுப்பியவர்கள் நிபுணர்கள். வைத்தியசாலைப் பேரேட்டை எழுதிய ஊழியர், விவரம் சேகரித்துக் கொடுத்ததோடு நின்றார். அந்த நிலை மாறியது வெகு காலம் கழித்தே. 1999-இல் சென்னையில் உருவான தேசியத் தொற்றுநோயியல் நிலையம், 2001 முதல் அரசு மருத்துவர்களுக்குக் களத்திலேயே பயிற்சி அளிக்கலாயிற்று. 2009-இல் சர்வதேச க்ஷயரோகச் சங்கமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் தொடங்கிய பயிற்சி வகுப்புகள், கேள்வியை வரையறுத்தல், விவரங்களைத் தொகுத்து அலசுதல், கட்டுரையாக எழுதிமுடித்தல் என மூன்று படிகளை வகுத்து, குறித்த நாளில் குறித்த வேலையை முடிக்காதவரை அடுத்த படிக்கு அனுமதியாமல், களப் பணியாளரையே ஆராய்ச்சியாளராக்கின. இக்கண்டிப்பு கடுமையானதுதான், ஆனால் பாதியில் நின்ற ஆய்வுகளின் குவியலை அறிந்தவர் எவரும் அதனைக் குறை கூறார்.

இம்மரபின் அண்மைக் கனி, 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். க்ஷயரோக மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரு மாதங்களிலேயே நிகழ்கிறது என்ற கணக்கே இதன் மூலாதாரம். சென்னை நீங்கலான மாவட்டங்களில், விருதுநகர் உட்பட, அரசு வைத்தியசாலைகளில் நோய் கண்டறியப்பட்ட பெரியவர்களுக்கு எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, பிராணவாயு அளவு, துணையின்றி நிற்கும் வலிமை ஆகியவை பார்க்கப்படுகின்றன. சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தாயில்பட்டி போன்ற ஊர்களில், பட்டாசு ஆபீசிலிருந்து வந்த பெண்ணின் விரலில் படிந்த அலுமினியப் பொடியைத் துடைத்துவிட்டுக் கருவியை மாட்டுவதும், கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பதும் செவிலியரின் அன்றாட வேலையாகவே இருந்துவிடலாம். அவை பேரேட்டில் ஏறும்போது ஆராய்ச்சியாகவும் ஆகின்றன. கவலைக்குரியோர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள்.

உருப்படிக் கூலிக்குச் சரவெடி பின்னுவோரும் திரி வெட்டுவோரும் ஒரு நாள் வைத்தியசாலைக்கு வந்தால் அந்நாளின் கூலியை இழப்பார்கள். ஆகையால் அவ்வட்டாரத்துச் செவிலியர் ஒருவர், முதல் இருமலுக்கும் சளிப் பரிசோதனைக்கும் இடையே எத்தனை சனிக்கிழமைச் சம்பளங்கள் கழிந்தன என்று நோயாளியைக் கேட்டு அதே பேரேட்டில் ஒரு பத்தியைக் கூட்டி எழுதிவருவாராயின், வைத்தியசாலை மாலையிலும் திறந்திருக்க வேண்டுமா என்னும் கேள்விக்கு மாவட்ட நிர்வாகம் அதிலிருந்தே விடை காணலாம்.