ஞாயிறும் பள்ளி மணியும்

பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் பாடநூல்களையும் கட்டடங்களையும் எண்ணிக் காட்டுவது வழக்கம். பள்ளி மணி ஒலித்த வேளையில் ஞாயிறு வானத்தில் எங்கே நின்றது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. நிலநடுக்கோட்டை அடுத்த மலேசியாவில், மாணாக்கரை வெயிலினின்று காக்கும் முயற்சி பெரும்பாலும் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையையே சார்ந்துள்ளது.

தமிழரின் பழைய கல்விமுறையில் நிழலுக்கும் பொழுதுக்கும் இடமிருந்தது. திண்ணைப் பள்ளி என்னும் பெயரே கூரை நிழலைச் சுட்டுகின்றது. விடியற்காலையிலேயே பிள்ளைகள் அங்கு வந்து சேர்ந்த வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் நூலில் குறித்துள்ளார்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் ஞாயிறே பொழுதை வகுத்தது. வெயில் ஏற ஏறப் பால்மரத்தில் பால் ஒழுகுவது குறையும். ஆதலின் தொழிலாளர் விடியுமுன்பே எழுந்து, பெரட்டு முடித்து, மரம் வெட்டச் சென்றனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டுமென விதித்தது. இவ்வாறு தோட்டங்கள்தோறும் பள்ளிகள் பெருகின. பெற்றோரின் வேலை ஞாயிற்றைப் பார்த்து நடந்தது. பிள்ளைகளின் படிப்போ கடிகாரத்தைப் பார்த்து நடக்கலாயிற்று.

அக்கடிகாரம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. 1905ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொடங்கி, 105 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டிய நேரம் வழங்கியது. கோலாலம்பூரில் அப்போது ஞாயிறு உச்சியை அடைந்தது, சராசரியாக 12.13 மணிக்காகும். 1933 சனவரியில் கடிகாரம் 20 நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டது. மாலையில் பகலொளி மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூட்டப்பட்டது. சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே சட்டமாயிற்று; அந்நாளில் உச்சிப்பொழுது 2.13 மணிக்கு வந்தது. போருக்குப்பின் பழைய நேரம் மீண்டது. இறுதியாக, 1982 சனவரி முதல் நாள், சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடும் பொருட்டுத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் 30 நிமிடம் முன்னேறின. சிங்கப்பூரும் அவ்வழியே சென்றது.

இன்று கோலாலம்பூரில் உச்சிப்பொழுது சராசரியாக 1.13 மணிக்கு அமைகின்றது. 1905ஆம் ஆண்டுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால், முழுதாக ஒருமணி நேர வேறுபாடு. கடிகாரம் நகர்ந்ததேயன்றி ஞாயிறு நகரவில்லை.

இம்மாற்றத்தால் நன்மையும் உண்டு. காலை 7.30 மணிக்குத் திறந்த வெளியில் சபைகூடல் நடைபெறுகையில், ஞாயிறு அப்போதுதான் எழுந்திருக்கும். ஆயின் நண்பகலில் நிலைமை வேறு. காலைப்பள்ளி கலைந்து சிறுவர்கள் வீடு திரும்புவதும், இருவேளைப் பள்ளிகளில் பிற்பகல் வகுப்பினர் வந்து சேர்வதும் ஞாயிறு தலைக்குமேல் நிற்கும் வேளையிலேயே நிகழ்கின்றன. பிற்பகல் 2 மணி என்றால் வெயில் தணியத் தொடங்கும் நேரமென்று காதுக்குத் தோன்றும். உண்மையிலோ உச்சிப்பொழுது கழிந்து முக்கால் மணி நேரமே ஆகியிருக்கும். அந்நேரத்தில் திடலில் ஓட்டப்பயிற்சி வைப்பது, உச்சி வெயிலில் பிள்ளைகளை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

கடும் வெப்ப நாள்களில் அரசு தக்க நடவடிக்கை எடுத்தே வந்துள்ளது. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. 2016 ஏப்ரலில் எல்நினோ வெப்பத்தால் பெர்லிசிலும் கெடாவிலும் 250க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. 2023ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தி வைத்ததோடு, மாணாக்கர் விளையாட்டு உடையில் பள்ளிக்கு வரவும் இசைவளித்தது. இவையெல்லாம் வெப்பமானியை நோக்கி எடுக்கப்பட்ட முடிவுகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படுபவை. உச்சி வெயிலோ நாள்தோறும் வருகின்றது. காற்றில் வெப்பம் மிகாத நாளிலும் புறஊதாக் கதிர் தோலையும் கண்ணையும் தாக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, புறஊதாக் குறியெண் 3ஐ எட்டியதும் காப்புத் தேவையென்றும் 11ஐ எட்டினால் மிகக் கடுமையென்றும் வகுத்துள்ளது. நிலநடுக்கோட்டு நாடுகளில் மேகமற்ற நண்பகலில் 11 என்பது அரிதன்று.

ஆதலின் காப்பின் முதற்படி கால அட்டவணையே. உடற்கல்விப் பாடங்களைக் காலையின் முதல் வேளைகளில் அமைக்கலாம். புறப்பாட நடவடிக்கைகளில் திடலுக்குரியவற்றை 4 மணிக்குப் பின்னும், கூரைக்குரியவற்றை அதற்கு முன்னும் வைக்கலாம். இரண்டாவது காப்பு நிழல். 1876ஆம் ஆண்டளவில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட தூங்குமூஞ்சி மரம் இந்நிலப்பகுதியெங்கும் குடைவிரித்து நிற்கின்றது. பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அத்தகைய மரமொன்றோ, கூரையிட்ட நடைபாதையோ வாயிலருகில் அமைவது பெருந்துணையாகும்.

இதற்குக் கருவிகூட வேண்டுவதில்லை. ஒரு சிறுவனின் நிழல் அவன் உயரத்தினும் குறுகியிருந்தால், ஞாயிறு 45 பாகைக்கு மேல் நிற்கின்றது என்பது வடிவியல் உண்மை. மலேசியத் தீபகற்பத்தில் இந்நிலை ஏறத்தாழக் காலை 10.30 மணி முதல் மாலை 4 மணி வரை நீடிக்கும். சட்டமும் அரசும் கடிகாரத்தை எத்தனை முறை மாற்றினாலும் இந்நிழற்கணக்கு மாறுவதில்லை. மணியடிக்குமுன் அந்நிழலை ஒருமுறை நோக்குதல் ஆசிரியர்தம் கடமையாகும்.