எயிற்பட்டினக் கரையின் காற்றும் திரையும்

நெய்தற் பாடல்களைப் பயில்வோர் முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளாகிய இரங்கலையே பெரிதும் போற்றுவர். அது முறையே. ஆயினும், அவ்விரக்கம் எத்தகைய நிலத்தில், எத்தகைய பொழுதில் பிறந்தது என்பதை அறியாக்கால், அது புலவர் வகுத்த வெறும் மரபாகவே தோன்றும். கரையிலிருந்து கடல்மேற் செல்லும் பரதவர்க்குக் காற்றும் கரையலையும் எவ்வாறு துணையாகவும் பகையாகவும் அமைகின்றன என்பதை மரக்காணக் கரையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமே பழைய எயிற்பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடான கருத்து. நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, மதிலின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட பட்டினம் என்றே இவ்வூரைச் சுட்டுகிறது. எயில் என்பது மதிலாதலின் எயிற்பட்டினம் எனக் கொள்ளப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிபுளூசு என்னும் கிரேக்க நூல், கீழ்க்கரைத் துறைகளை வரிசைப்படுத்துங்கால் பொதுகேயை அடுத்துச் சோபட்மா என்னும் ஊரைக் குறிக்கிறது. ‘சோ’ என்னும் சொல்லும் தமிழில் அரணைக் குறித்தலின், சோபட்மாவும் எயிற்பட்டினமும் ஒன்றே என அறிஞர் கருதினர். அந்நூல் மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரம் என்னும் கலங்களையும் இப்பகுதியிற் கூறுதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

மரங்களைப் பிணைத்துக் கலம் செய்யவேண்டிய தேவை யாது? இக்கரையின் இயல்பே அதற்கு விடை தரும். சோழமண்டலக் கரை நெடிய மணற்கரை. மலைமுனையோ ஆழ்ந்த குடாவோ இதற்கு அரண் செய்யவில்லை. கடலலை நேரே வந்து கரையில் மோதுகிறது. அலையானது தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமே உள்ள இடத்தை அடைந்ததும் உடையும் என்பது கடலியலார் துணிபு. ஆதலின் அலை உயருந்தோறும் அது உடையும் இடம் கரையினின்று விலகிச் செல்லும். பரதவன் கடக்கவேண்டிய நுரைவெளியும் அகலும். பலகையை இறுகத் தைத்த கலம் அம்மோதலிற் பிளவுறும். கயிற்றாற் பிணைத்த கட்டுமரமோ வளைந்து கொடுக்கும். மேலேறிய நீர் மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். துறைமுகம் அமையும்முன் சென்னையிற் கப்பலுக்கும் கரைக்கும் இடையே இயங்கிய மசூலாப் படகும் ஆணியின்றிக் கயிற்றாலேயே தைக்கப்பட்டது. இரண்டும் கரையலை கற்பித்த தொழில்நுட்பங்கள் எனலாம்.

இனிக் காற்றை நோக்குவோம். நிகண்டுகள் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் வகுக்கும். நிகண்டில் இவை திசைப்பெயர்களே. கரையில் நிற்பவனுக்கோ இவை கடலின் கதவு திறத்தலையும் அடைத்தலையும் உணர்த்தும் பெயர்கள். இரவில் நிலம் கடலினும் விரைந்து குளிர்தலால் விடியற்பொழுதிற் கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசும். அஃது அலைமுகட்டைத் தாங்கி நிறுத்தி, நீர்ப்பரப்பை அமைதியுறச் செய்யும். பாய்மரத்தை வெளியே உந்தும். முற்பகலில் நிலம் வெம்மையுறக் காற்று மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும், பிற்பகலில் வலுக்கும். அக்காற்றே கலத்தைக் கரைக்குக் கொணர்வது. கரையலையை முரடாக்குவதும் அதுவே. வைகறையிற் சென்று நண்பகலளவில் மீளும் பழைய வழக்கம் இவ்விரு காற்றுக்கும் இடைப்பட்ட கணக்காகும்.

நாட்கணக்கினும் பெரிது பருவக்கணக்கு. தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று ஓங்கும். இக்கரைக்கு அது நிலத்திலிருந்து வருங் காற்றாதலின் கரையலை பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆயின் மிகுந்து வீசினால் சிறுகலத்தை ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். ஐப்பசி முதலாக வாடையும் கொண்டலும் கடலிலிருந்து நேரே கரைமேல் வீசும். அலை உயரும், புயலும் வரும். 2020 நவம்பர் 25ஆம் நாள் இரவில் நிவர்ப் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையிலேயே கரை கடந்தது. மேலும், கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். கரைவலை இழுப்போர்க்கு இது பெரிதும் வேண்டப்படும் அறிவு. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் நிறுத்தி, படகில் வலையை அரைவட்டமாக விட்டு, மறுகயிற்றை அப்பாற் கரைசேர்த்து, இருபுறமும் மக்கள் கூடி இழுப்பர். நீரோட்டம் மிகின் வலை பக்கவாட்டில் நகரும். அலை மிகின் அடிக்கயிறு தரையினின்று எழும்ப, மீன் அதன்கீழே தப்பிவிடும்.

இக்கரைக்கே உரிய சிறப்பு ஒன்றுண்டு. கழுவெளி உப்பங்கழியை அடுத்துக் கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களும் அதே காற்றை நம்பியுள்ளன. வெயிலும் உலர்காற்றும் பாத்தியில் உப்பை விளைவிக்கும். கொண்டலொடு வரும் மழை அதனைக் கரைத்துவிடும். ஆகவே கடல் அடைபடும் காலத்திலேயே அளமும் அடைபடுகிறது. ஒன்று பொய்ப்பின் மற்றொன்று கைகொடுக்கும் என்னும் நிலை இங்கில்லை. அம்மாதங்களில் மீனவர்க்கும் உப்பளத் தொழிலாளர்க்கும் தமிழ்நாட்டரசு தனித்தனியே நிவாரணம் வழங்கி வருதல் இவ்வுண்மைக்குச் சான்றாம். பண்டு இவ்விடைவெளியை நிரப்ப இருந்தது யாது? கோடையில் விளைந்த உப்பும், கோடையிற் பிடித்த மீனும் கூடிய உணங்கல் மீனே எனக் கருத இடமுண்டு.

இந்நோக்கோடு சிறுபாணாற்றுப்படையை மீளப் படித்தல் வேண்டும். உயர்ந்த அலைகள் கொணர்ந்து கரையிற் போட்ட மணமுள்ள மரம், உறங்கும் ஒட்டகம்போற் கிடக்கிறது. அதனை விறகாக எரித்து, நுளையர்மகள் தேறல் அரிக்கிறாள். பாணர்க்கு உலர்ந்த குழல்மீன் சுட்டுத் தரப்படுகிறது. ஒட்டக உவமையின் புதுமையைப் பலரும் பாராட்டினர். ஆனால் விறகும் உணவும் எங்கிருந்து வந்தன என்பதையும் நோக்குக. விறகு, சீறிய கடல் தந்தது. உலர்மீன், அடங்கிய கடல் தந்து சேமிக்கப்பட்டது. அன்றைய மீனை எதிர்பாராமலே விருந்தோம்பவல்ல கரையைப் புலவர் காட்டியுள்ளார். இதனால் அக்காட்சி வாடைக்காலத்தது என்று துணிதல் மிகையாகும். கடலின் இருநிலையும் அறிந்த ஊர் அது என்பது மட்டும் தெளிவு.

மற்றொன்றும் உண்டு. தொல்காப்பியர் நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தார். ஞாயிறு சாயும் பொழுது என்று அதற்குப் பொருள் கொள்வாரே பலர். காற்றின் வழிநின்று பார்த்தால், கடற்காற்று வலுத்துக் கரையலை முரடாகும் பொழுது அதுவே. நண்பகலில் மீண்டிருக்கவேண்டிய கலம் அப்பொழுதும் மீளவில்லையெனின், கரையில் நிற்பாள் உள்ளத்தில் இரக்கம் எழாது வேறென்ன எழும்? அக இலக்கியத்து இரங்கல் காதற் பிரிவு பற்றியதே. எனினும் அதற்கு இந்நிலமும் இப்பொழுதும் உரியவாக அமைந்தமைக்கு, நாள்தோறும் கரையில் நிகழ்ந்த இக்காத்திருத்தலும் ஒரு காரணமாதல் கூடும். கரிகாலனின் முன்னோன் காற்றைப் பணிகொண்டு பெருங்கலம் ஓட்டினான் எனப் புறநானூற்று 66ஆம் பாட்டுக் கூறும். பரதவனோ காற்றைப் பணிகொண்டவன் அல்லன். அதன் குறிப்பறிந்து ஒழுகியவன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் இழைக்கண்ணாடிப் படகும் பொறியும் இக்கரையெங்கும் பெருகின, கட்டுமரம் அருகியது. பொறி இருப்பின் கரைக்காற்றுக்குக் காத்திருத்தல் வேண்டா. ஆயினும் கரையலையைக் கடக்கும் இடர் இன்றும் நீங்கவில்லை. நீங்கி வருவது, காற்றையும் நீரோட்டத்தையும் நுணுகிப் பகுத்து முதியோர் வழங்கிய சொற்களே. நிகண்டு தந்த நான்கு பெயர்களோடு நாம் அமைதல் ஆகாது. நெய்தலை ஆராயும் இளைஞர் ஏட்டை மூடிவைத்துச் சின்னாள் கரைக்குச் சென்று, அச்சொற்களைப் பொருளொடும் பருவத்தொடும் தொகுத்தல் வேண்டும். அவை வழக்கிறந்தபின், உரையாசிரியர் துணைகொண்டும் அவற்றை மீட்க இயலாது.