திருவள்ளூரில் பிறந்த ஜப்பான் குதிரை

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. பூந்தமல்லி – ஆவடி சாலையில், பாரிவாக்கத்தில் ஒரு டீக்கடை. ஓரமாக நான்கைந்து கார்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே பழசு. ஆனால், பளபளப்பு கல்யாண மாப்பிள்ளை மாதிரி! அத்தனை பானெட்டும் திறந்தே கிடக்க, அதற்குள் தலையை விட்டபடி நாலு பேர். ஒருவர் ஐ.டி. கம்பெனி, ஒருவர் பாத்திரக்கடை முதலாளி, ஒருவர் ரிட்டயர்டு. நடுவில் லுங்கியும் கிரீஸ் கையுமாக ஒரு மெக்கானிக்.

'என்ன வண்டி அண்ணே இது?' என்று கேட்டேன். ஏதோ கடவுள் பெயரைக் கேட்டுவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

'லான்சர் தம்பி. நம்ம ஊர் வண்டி!'

மிட்சுபிஷி லான்சர்... அது எப்படி நம்ம ஊர் வண்டி? விஷயம் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கென்யாவுக்குப் போக வேண்டும். அங்கே கெரிச்சோ என்ற ஊரில், 1932-ல், ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோகிந்தர் சிங். அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பையனுக்குச் சின்ன வயதிலேயே கையில் ஸ்பானர். ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி என்பது அப்போது உலகிலேயே மிகக் கொடுமையான கார் பந்தயம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சேறு, புழுதி, பள்ளம். கிளம்புகிற வண்டிகளில் முக்கால்வாசி, முடிவுக்கோட்டைப் பார்க்காது. 1965-ல் ஒரு பழைய வால்வோவில் போய் அதை ஜெயித்தார் மனிதர். அடுத்து, 1974-ல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு குட்டிக் காரை ஓட்டினார். அதுதான் லான்சர் 1600 ஜி.எஸ்.ஆர்.! அதிலும் ஜெயித்தார். 1976-ல் மறுபடியும். அந்த வருஷம் முதல் மூன்று இடமும் லான்சருக்கே.

'ஜப்பான் கார்னா தகர டப்பா' என்று சிரித்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மூட வைத்தது, ஒரு மெக்கானிக்கின் பிள்ளை.

அதன் பிறகு ஜப்பான்காரர்களுக்கு வேகத்தின் மேல் வெறியே பிடித்துவிட்டது. டொயோட்டா, நிசான், சுபாரு, ஹோண்டா என்று ஆளாளுக்கு இறங்கினார்கள். குதிரை சக்தி எகிறிக்கொண்டே போக, 'இப்படியே போனால் அரசாங்கம் சாட்டையை எடுக்கும்' என்று பயந்து, தங்களுக்குள்ளேயே ஒரு கனவான் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 280-க்கு மேல் யாரும் போகக் கூடாது! 1989 வாக்கில் தொடங்கிய அந்த ஒப்பந்தம் 2004 வரை காகிதத்தில் உயிரோடு இருந்தது. நிஜத்தில்? சில வண்டிகள் 280 என்று எழுதிக்கொண்டு அதற்கு மேலேயே ஓடின. மார்க் ஷீட்டில் குறைத்துப் போட்டுக்கொண்ட ஒரே மாணவர்கள் உலகத்தில் இவர்கள்தான்!

மிட்சுபிஷி 1992-ல் 'லான்சர் எவல்யூஷன்' என்ற ஒன்றை இறக்கியது. செல்லமாக எவோ. ராலி விதிப்படி, பந்தயத்தில் ஓடும் வண்டியைப் பொதுஜனத்துக்கும் சில ஆயிரமாவது விற்றாக வேண்டும். ஆக, ஆபீஸுக்குப் போகும் நான்கு கதவு காருக்குள் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் சக்தி. பசுத்தோல் போர்த்திய புலி.

இந்தப் புலியை ஓட்டியவர் ஃபின்லாந்தின் டாமி மாக்கினென். பண்ணையில் வளர்ந்தவர், டிராக்டரில் நிலம் உழும் போட்டியில் பரிசு வாங்கியவர்! 1996, 97 இரண்டு வருடமும் உலக சாம்பியன். 1998-ல்தான் வந்தது சோதனை.

நவம்பர் மாதம், பிரிட்டனில் கடைசிப் பந்தயம். மாக்கினென் எண்ணெய் சிந்திய ரோட்டில் வழுக்கி, மோதி, சக்கரம் போய் வெளியேறிவிட்டார். பட்டம் டொயோட்டா கொரோலா ஓட்டிய கார்லோஸ் ஸைன்ஸுக்குத்தான் என்று உலகமே முடிவுகட்டிவிட்டது. கடைசி நாள், கடைசிக் கட்டம், முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர்தான் பாக்கி. ஸைன்ஸின் எஞ்சின் புகைந்து நின்றது. அவ்வளவுதான். கூட இருந்தவர் ஹெல்மெட்டால் கார் கண்ணாடியையே உடைத்தார். ஓடாமலே சாம்பியன் ஆனார் மாக்கினென்! 1999-ல் நான்காவது முறையும்.

இப்போது ஊருக்குத் திரும்பலாம். அதே 1998...

திருவள்ளூர் அருகே இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், மிட்சுபிஷியுடன் கைகோத்து ஒரு கார் வெளியே வந்தது. லான்சர்! அம்பாஸடர் செய்த அதே கம்பெனி. மாக்கினென் ஜெயித்த எவோ 4, 5, 6 எல்லாம் எந்த உடம்பின் மேல் செய்யப்பட்டனவோ, அதே உடம்பு. பாரிவாக்கத்திலிருந்து வெள்ளவேடு வழியாகப் போனால் எட்டிப்பிடிக்கும் தூரத்தில், உலக சாம்பியனின் கூடப்பிறந்த தம்பி தயாரானான்.

தம்பிதான், அண்ணன் இல்லை. இங்கே பெட்ரோல் எஞ்சின் ஒன்றரை லிட்டர், சக்தி சுமார் 87 குதிரை. டீசலில் இன்னும் குறைச்சல். டர்போ கிடையாது, முன்சக்கரத்துக்கு மட்டும்தான் சக்தி. இருந்தாலும் வளைவில் ரோட்டைக் கவ்விப்பிடிக்கும் குணம் ரத்தத்தில் இருந்தது. பையன்கள் எவோ மாதிரி பம்பர் மாட்டினார்கள், பின்னால் இறக்கை வைத்தார்கள். 2006-ல் இரண்டு லிட்டர் செடியா வந்தது. எம்.ஆர்.எஃப். அணி அதைத் தேசிய ராலியில் புழுதி பறக்க ஓட்டியது.

அப்புறம் எல்லாக் கதைகளுக்கும் வருவதுதான். லான்சர் நின்றது, செடியாவும் நின்றது. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாஸடர் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜப்பானிலேயே 2015-ல் 'ஃபைனல் எடிஷன்' என்று எவோவுக்கு மங்களம் பாடிவிட்டார்கள். 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபோது மிட்சுபிஷியின் புது கார் விற்பனையும் இங்கே ஓய்ந்தது. அதே திருவள்ளூர் ஆலையிலிருந்து 2021-ல் வெளியே வந்தது சிட்ரோயன் என்ற ஃபிரெஞ்சு கார்! தாய்வீட்டில் வேறு குடித்தனம்.

பெற்றவர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

மெக்கானிக் அண்ணன் ஒரு ரப்பர் பெல்ட்டை எடுத்துக் காட்டினார். டைமிங் பெல்ட். 'கிலோமீட்டர் மட்டும் பார்த்தா பத்தாது தம்பி. வண்டி சும்மா நின்னாலும் ரப்பர் வயசாகும். இது அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எஞ்சின் காலி.' டர்போ வண்டியாக இருந்தால் இன்னொரு பாடம். விரட்டி ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பக் கூடாது. ஒரு நிமிஷம் ஐடிலில் விட வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்கிற டர்போவுக்குள் ஆயில் கருகிப்போகும்.

சாமான்? புதுப்பேட்டையைச் சல்லடை போட வேண்டும். கிடைக்காவிட்டால் மலேசியா. அங்கே லட்சக்கணக்கில் ஓடிய புரோட்டான் கார்கள் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் பிறந்தவை. அதே குடும்பத்து ஒன்றரை லிட்டர் எஞ்சின். 'சித்தப்பா கோலாலம்பூர்ல இருந்து வர்றப்போ, மத்தவங்க மில்க் சாக்லேட் கேப்பாங்க, நான் கேஸ்கட் கேப்பேன்' என்றார் ஐ.டி. இளைஞர்.

புதுத் தலைவலிகளும் உண்டு. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025-ல் அறிவித்தார்கள். புகை கக்கும் பழைய வண்டிகளை ஒழிப்பது நியாயம்தான், மறுக்க முடியாது. ஆனால், பிள்ளை மாதிரி பராமரிக்கிற வண்டியும் கிழட்டு லாரியும் ஒரே கணக்கில் வருவதுதான் இவர்கள் ஆதங்கம்.

'இவ்ளோ செலவுக்குப் புதுசு வாங்கிடலாமே சார்?' என்று ரிட்டயர்டு பெரியவரைக் கேட்டேன்.

'வாங்கலாம். ஆனா, அது கெட்டுப்போனா லேப்டாப்பை மாட்டித்தான் பாக்கணும். இது கெட்டுப்போனா சத்தத்தை வெச்சே நாங்க நாலு பேர் சொல்லிடுவோம். இதுக்காகத்தானே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறோம்? இல்லேன்னா பாத்திரக்கடைக்காரருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?'

ஸைன்ஸின் கொரோலாவை உலகத்தின் பெரிய என்ஜினீயர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் சில நூறு மீட்டரில் நின்றுபோனது. இங்கே ஒரு லுங்கி கட்டிய அண்ணனை நம்பி, முப்பது வயதை நெருங்கும் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பானெட்டை மூடினார்கள். ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசி வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. போன நான்கும் யூ டர்ன் அடித்துத் திரும்பி வந்தன.

'இன்னொரு ரவுண்டு டீ சொல்லுங்க' என்றார் மெக்கானிக், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.