அவலாஞ்சியில் ஒரு அயலூர் மீன்



அவலாஞ்சி ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறானாம் என் பேரன். பூச்சி போல இறகு கட்டிய தூண்டில் முள்கூட வாங்கிவிட்டான். "அந்த மீன் எப்படி வந்தது தெரியுமாடா?" என்றேன். விழித்தான்.

டிரவுட் நம் மலை மீன் அல்ல. 1860-களில் சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1907-இல், எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அதன்பிறகே மீன் நிலைத்தது. குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் அதற்கு உயிர் இல்லை.

"முதலில் வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் அனுமதி கேள்," என்றேன்.

"தராவிட்டால், தாத்தா?"

"தூண்டிலை வீட்டில் வை. பொரிப்பகத்தைப் பார்த்துவிட்டு வா. பிடிப்பதைவிடப் பிழைக்க வைப்பது கஷ்டம் என்று புரியும்."