ஸ்கொட்லாந்து நெசவாளர் குடும்ப வரலாற்று ஆய்வு

ஸ்கொட்லாந்து நெசவாளர் குடும்ப வரலாற்று ஆய்வு என்பது, 19 ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த கைத்தறி நெசவாளர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு, உறவுமுறை ஆகியவற்றை ஆவணங்களின் துணையுடன் அறிவதாகும். இவர்களுட் பலர் நிலமோ உயிலோ விட்டுச் சென்றவர்கள் அல்லர். எனவே அரசுப் பதிவுகளும் திருச்சபைப் பதிவேடுகளுமே முதன்மைச் சான்றுகளாகும். நெசவாளர் ஒருவர் 1855 ஆம் ஆண்டு வரை உயிருடன் இருந்தாரா என்பதே, அவருடைய பெற்றோரை அறிய இயலுமா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்கின்றது.

பின்னணி

பெய்ஸ்லி நகரம் சால்வைகளுக்கும், டன்ஃபர்ம்லின் நகரம் டமாஸ்க் எனப்படும் பூவேலை லினன் துணிக்கும் பெயர் பெற்றிருந்தன. விசைத்தறி பரவியபோது கைத்தறியாளரின் கூலி வீழ்ச்சியுற்றது. பலர் வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சென்றனர். இதனால் ஒரே குடும்பத்தின் பதிவுகள் பல இடங்களில் சிதறிக் காணப்படுகின்றன.

குடிசார் பதிவு

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசிடம் பதிவது 1855 சனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் பெயரும், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் கேட்கப்பட்டன. அக்கால இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் வயது வந்தோரின் பெற்றோர் பெயருக்கு இடமில்லை. 1785 இல் பிறந்து 1860 இல் இறந்த ஸ்கொட்லாந்து நெசவாளர் ஒருவரின் இறப்புப் பதிவு, 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருடைய பெற்றோரையும் காட்டக்கூடும். எனினும் தகவல் தந்தவர் மகனா, அயலவரா என்பதைப் பொறுத்து அதன் நம்பகத்தன்மை வேறுபடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

1841 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. ஆகவே 30 எனக் குறிக்கப்பட்டவர் 34 வயதினராகவும் இருக்கலாம். 1851 முதல் பிறந்த ஊர்ப்பங்கும், குடும்பத் தலைவருடனான உறவும் குறிக்கப்பட்டன. தொழில் பகுதியில் காணப்படும் "எச்.எல்.டபிள்யூ." என்ற சுருக்கம் கைத்தறி நெசவாளரைக் குறிக்கும்.

பங்குப் பதிவேடுகள்

1855 க்கு முந்தைய காலத்துக்கு ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளே முக்கிய ஆதாரம். திருமணத்துக்குப் பதிலாக ஓலை வாசித்தது மட்டுமே இவற்றில் பதியப்பட்டிருப்பதுண்டு. விடுபட்ட பதிவுகளும் பல. அதற்கான காரணங்களுட் சில:

* 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்சு வரி விதிக்கப்பட்டதால் பலர் பதிவைத் தவிர்த்தனர்.
* நெசவாளர் பலர் பிரிந்து சென்ற சபைகளைச் சேர்ந்திருந்தனர். அவர்தம் பிள்ளைகளின் திருமுழுக்கு அச்சபைகளின் ஏடுகளில் மட்டும் இருக்கக்கூடும்.

வறியோர் உதவிப் பதிவுகள்

1845 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி கோரியோரின் குடும்ப விவரங்கள் விசாரித்து எழுதப்பட்டன. வேலையிழந்த நெசவாளரின் வாழ்க்கையை இவை விரிவாகக் காட்டுகின்றன. கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தில் இத்தகைய விண்ணப்பங்கள் பெருமளவில் உள்ளன.

பெயரிடும் மரபு

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையும் இடுவது பரவலான வழக்கம். இது தேடலுக்குத் துணையாகுமே தவிரச் சான்றாகாது. டன்ஃபர்ம்லின் டமாஸ்க் நெசவாளர் வில்லியம் கார்னேகியின் குடும்பம் இதற்கு எடுத்துக்காட்டாகும். 1835 இல் பிறந்த மூத்த மகன், பிற்காலத்தில் எஃகுத் தொழிலதிபரான ஆண்ட்ரூ கார்னேகி, தந்தைவழிப் பாட்டனாரின் பெயரைப் பெற்றார். இளைய மகன் தாமஸ் மொரிசன் கார்னேகியின் பெயர் தாயின் தந்தையுடையது. 1848 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த வில்லியம் 1855 இல் அங்கேயே இறந்தார். இவ்வாறு புலம்பெயர்ந்தோரின் இறப்பைக் குடியேறிய நாட்டின் ஆவணங்களிலேயே தேட வேண்டும்.