பதிவேட்டில் ஏறிய வாக்குகள்

அமெரிக்கக் காங்கிரஸின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் காற்றாலை, சூரிய சக்தி, நிலக்கரிப் புகை ஆகிய விஷயங்களில் எவ்வாறு வாக்களித்தார் என்பதைத் தொகுத்து, பரீட்சைத் தாளைத் திருத்தும் உபாத்தியாயரைப் போல நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு ஆண்டுதோறும் பிரசுரிக்கும் வழக்கம், அந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெற்றிருக்கிறது. நம் நாட்டில், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரும். அமெரிக்காவிலோ சொந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்தவரும் தம் ஆசனத்தில் நிம்மதியாக அமர்ந்திருக்கலாம். ஆகவேதான் தனி மனிதரின் வாக்கை எடுத்து நிறுத்துப் பார்ப்பதற்கு அங்கே ஓர் அர்த்தம் ஏற்பட்டது.

இவ்வழக்கம் சுற்றுச்சூழல் இயக்கத்தார் புதிதாகக் கண்டதன்று. மதுவிலக்குக்காகப் போராடிய சலூன் எதிர்ப்புச் சங்கம் சட்டசபையினரின் வாக்குகளைக் குறித்துவைத்துக்கொண்டு தேர்தலில் கணக்குத் தீர்த்தது; 1906-இல் சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலிருந்த தொழிலாளர் சம்மேளனம் நண்பர் யார், பகைவர் யார் என்று பிரித்துக் காட்டித் தேர்தல் களத்தில் இறங்கியது; 1947-இல் தோன்றிய அமெரிக்க ஜனநாயகச் செயல் சங்கம் மதிப்பெண் முறையை ஒழுங்குபடுத்தித் தந்தது.

1970 ஏப்ரல் 22-ஆம் தேதி முதலாவது புவி நாள் கொண்டாடப்பட்ட அதே ஆண்டில், காங்கிரஸ் அலுவலகத்தில் பணியாற்றி அதன் உள்விவகாரங்களை அறிந்திருந்த மேரியன் ஈடி என்ற இளம்பெண், இயற்கைப் பாதுகாப்பு வாக்காளர் கழகத்தை நிறுவினார். புவி நாளை நடத்தியவர்கள் தொடங்கிய இன்னோர் அமைப்பு, சுற்றுச்சூழலுக்கு விரோதமான பன்னிரண்டு அங்கத்தினரின் பெயரை அந்த ஆண்டே வெளியிட்டது. அவர்களில் எழுவர் தோற்றுப் போயினர். பிரதிநிதிகள் சபையின் பொதுப்பணிக் குழுத் தலைவராக இருந்த மேரிலாந்தின் ஜார்ஜ் ஃபாலன் என்ற முதுபெரும் அரசியல்வாதியும் அவர்களுள் ஒருவர் என்பதால், தலைநகரில் அந்தப் பட்டியலை அதன்பின் யாரும் அலட்சியம் செய்யவில்லை.

ஆனால் மதிப்பெண் இடுவதற்கு முதலில் வாக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? சபையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கோரினால் யார் எப்படி வாக்களித்தார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று அரசியல் சாசனமே விதித்திருந்தது. இருந்தும், மசோதாக்களுக்கு வரும் திருத்தங்களை ஆலோசிக்கும்போது முழுச் சபையுமே ஒரு குழுவாக மாறிக்கொள்ளும் முறையொன்றைப் பிரதிநிதிகள் சபை பிரிட்டிஷ் பார்லிமென்டிலிருந்து சுவீகரித்திருந்தது; அந்தக் குழுவிலோ பெயர்ப் பதிவே கிடையாது. அங்கத்தினர்கள் எழுந்து, நடைபாதையில் நின்ற எண்ணிக்கையாளர் இருவருக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நடந்து போவார்கள். ஆதரித்தோர் இத்தனை பேர், எதிர்த்தோர் இத்தனை பேர் என்ற இரண்டு எண்கள் மட்டுமே மிஞ்சும். மேலே பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து, கீழே செல்லும் தலைகளை அடையாளம் கண்டு நினைவில் இருத்திக்கொள்ளப் பொதுநல அமைப்பினர் சிரமப்பட்டார்கள். இவ்வாறு தோற்கடிக்கப்பட்ட திருத்தத்தைச் சபை மீண்டும் வாக்குக்கு எடுக்க வழியில்லாததால், எத்தனையோ நல்ல திருத்தங்கள் கொன்றவர் பெயர் தெரியாமலே மாண்டன. ஜனநாயகத்தில் இதைவிடப் பெரிய அநீதி வேண்டுமா என்றே எனக்குத் தோன்றுகிறது.

1970-ஆம் ஆண்டின் சட்டசபைச் சீரமைப்புச் சட்டம் இந்தத் திரையை விலக்கிற்று. ஆதரிப்போர் பச்சைச் சீட்டிலும் எதிர்ப்போர் சிவப்புச் சீட்டிலும் கையெழுத்திட்டுக் கொடுக்க, அப்பெயர்கள் அச்சேறின. 1970 மே மாதத்தில் பெயரற்ற வாக்கெடுப்பில் தப்பிப் பிழைத்திருந்த ஒலியை மிஞ்சும் விமானத் திட்டத்துக்கான நிதி, 1971 மார்ச்சில் பெயர் பதிந்த வாக்கெடுப்பில் மறுக்கப்பட்டது. 1973 முதல் மின்சாரப் பொத்தானால் வாக்களிக்கும் முறையும் வந்தது.

மேரியன் ஈடி நிறுவிய வாக்காளர் கழகத்தின் மதிப்பெண் முறை எளியது. பல சுற்றுச்சூழல் அமைப்புகளின் நிபுணர்கள் கூடி அந்த ஆண்டின் முக்கியமான வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுப்பர்; சரியான பக்கம் விழுந்த வாக்குகளின் விகிதமே மதிப்பெண். சபைக்கு வராதவரும் பொதுவாக எதிர்த்தவராகவே கணக்கிடப்படுவார். 2007 டிசம்பர் 13 அன்று, எண்ணெய்க் கம்பெனிகளின் வரிச் சலுகையைக் குறைத்து அத்தொகையைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்குத் திருப்பும் மசோதா, செனட்டில் விவாதத்தை முடிக்க வேண்டிய 60 வாக்குகளில் ஒன்று குறைந்து, 59-க்கு 40 என்று விழுந்தது. அந்த வாக்கெடுப்புக்கு வராத ஒரே செனட்டர், ஜனாதிபதி வேட்பாளராக ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த ஜான் மக்கெய்ன். பருவநிலை மசோதாவொன்றைத் தாமே முன்னின்று கொண்டுவந்த அந்த மனிதருக்கு, அவ்வாண்டு கழகம் பார்த்த எல்லா வாக்கெடுப்புகளுக்கும் வராத காரணத்தால், பூஜ்யம் கிடைத்தது. இது கடுமைதான், ஆனால் ஒரு வாக்கில் மசோதா வீழ்ந்த தினத்தை எண்ணினால், அந்தக் கடுமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேறொரு குறை உண்டு. நெருக்கமான வாக்கெடுப்புகளையே பொறுக்கி எடுப்பதால் மிதவாதிகளும் தீவிரவாதிகளாகத் தோன்றுகிறார்கள் என்று ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற அறிஞர் 1992-இல் எடுத்துக்காட்டினார். அதற்கும் மேலாகக் காலமே மாறிவிட்டது. 1970-இல் தூய காற்றுச் சட்டம் செனட்டில் 73-க்கு 0 என்று நிறைவேறியது. 2009-இல் பருவநிலை மசோதா பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று நிறைவேறியபோது, அதை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேர். 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்கு இரு சபைகளிலும் ஒருவர்கூட இல்லை. இன்று பெரும்பாலோரின் மதிப்பெண் நூறை ஒட்டியோ பூஜ்யத்தை ஒட்டியோ நிற்கிறது.

ஐயோவா மாகாணத்தின் செனட்டர் சக் கிராஸ்லியை எடுத்துக்கொள்வோம். காற்றாலை மின்சாரத்துக்கு வரிக் கழிவு அளிக்கும் 1992-ஆம் ஆண்டு ஏற்பாட்டை இயற்றியவர் அவரே. அம்மாகாணத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்று காற்றிலிருந்து வருகிறது. ஆயினும் கழகத்தின் ஏட்டில் அவருடைய வாழ்நாள் மதிப்பெண் மிகத் தாழ்ந்தது. 2025 ஜூலை 1 அன்று, அந்தச் சலுகைகளையே வெட்டிய மசோதா செனட்டில் துணை ஜனாதிபதியின் வாக்கோடு 51-க்கு 50 என்று நிறைவேறியபோது, அவரும் ஆதரித்தே வாக்களித்தார். அதற்கு முந்தைய நாட்களில், காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் புதிதாக விதிக்க இருந்த வரியை நீக்கவும், ஓராண்டுக்குள் வேலை தொடங்கும் திட்டங்களுக்குச் சலுகை நீடிக்கவும் முயன்றவர்களில் அவர் ஒருவர். அவ்விரண்டும் தனியாக வாக்குக்கு விடப்படாமல் பேச்சுவார்த்தையிலேயே முடிந்தன. மதிப்பெண் ஏட்டில் அவற்றுக்கு இடமில்லை.