ஆறு எழுதிய ஏடு

பொன்னேரி மாணவர்களுக்கு ஆரணியாறு புதியதன்று. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் அவ்வாறு, வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கரைபுரண்டு பழவேற்காட்டு ஏரியை நாடி ஓடுகிறது. வெள்ளம் வடிந்தபின் வயல்களில் மெல்லிய வண்டல் தங்குகிறது. உழவருக்கு அது உரம். வரலாற்று மாணவருக்கோ அது ஓர் ஏடு.

அதைப் படிக்கும் முறை எளிது. விரைந்து பாயும் நீர் கூழாங்கற்களையும் பருமணலையும் சுமந்து வரும். கரைமீறிப் பரந்து வேகம் தணிந்த நீர் நுண்ணிய களிமண்ணைப் படியவிடும். ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் காலங்களில், மண்ணிலுள்ள இரும்பு கரைந்து மீண்டும் இறுகிச் சரளையைச் செந்நிறமாகப் பிணைக்கும்.

ஆயினும் இவ்வேட்டைத் தவறாகவும் படித்துவிடலாம். அதற்குச் சான்று நம் அண்டையிலேயே உண்டு. பொன்னேரிக்குத் தெற்கே ஓடும் கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியில், பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் இங்கும் கருவிகளைக் கண்டார். ஆனால் இவ்வூரின் அடியிலிருக்கும் களிமண்ணை, மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்திய ஆவடிப் பாறைத்தொகுதி என்றே பின்னர் கருதினர். அப்படியாயின் அதற்குள் மனிதனின் தடம் இருக்க இயலாதன்றோ?

1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அக்களிமண்ணுக்குள்ளேயே அகழ்ந்தனர். அங்கே கைக்கோடரிகள் கிடைத்தன! அது பழம்பாறையன்று, ஆற்று வெள்ளம் படியவிட்ட வண்டலே என்பது தெளிவாயிற்று. அக்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் அறிவித்தனர். களிமண்ணுக்கு மேலே இரும்பேறிய சரளை அடுக்குகள் கிடக்கின்றன. அவை சூழல் மாறியதைக் காட்டுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடுக்கு மாறினால் உடனே மழை மாறிற்று என்று முடிவுகட்டலாகாது. ஆறு தடம் விலகியிருக்கலாம். கடல்மட்டம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். பல இடங்களின் அடுக்குகளை ஒப்பிட்டுக் காலமும் கணித்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.

அதற்கு அடுக்குகள் எஞ்சியிருக்க வேண்டுமே! மணலுக்கும் செங்கல்லுக்கும் வெட்டிய அடுக்கு மறுபடி அமைவதில்லை. ஆகவே மாணவர்களே, ஊரில் கிணறு வெட்டும்போதும், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைக்குக் கடைக்கால் தோண்டும்போதும், சற்றுத் தள்ளி நின்று நோக்குங்கள். எம்மண் மேலே, எம்மண் கீழே என்று குறித்து வையுங்கள். அழியும் ஏட்டின் ஒரு பக்கமேனும் அதனால் நிலைக்கும்.